கருநாக்குப் பையனும் பிட்யூட்டரியின் கூப்பாடும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள புக்கிட் மெர்தாஜமிலிருந்து ஒரு வாசகி வாட்சாப்பில் படம் ஒன்று அனுப்பியிருந்தார். 13 வயது மகனின் நீட்டிய நாக்கு. நுனியிலும் இரண்டு ஓரங்களிலும் கடுகைத் தூவிவிட்டதுபோல் பழுப்புப் புள்ளிகள். கீழே இப்படி எழுதியிருந்தார்: "சார், இது கருநாக்காம். இவன் எது சொன்னாலும் பலித்துவிடுமாம். போன மாதம் கார் நடுவழியில் நிற்கப் போகிறது என்று விளையாட்டாகச் சொன்னான், நின்றுவிட்டது. அதிலிருந்து என் மாமியார் இவனை வாயே திறக்க விடுவதில்லை. ஈறும் அங்கங்கே கறுப்பாகத்தான் இருக்கிறது. இது ஏதாவது நோயா?"

காருக்கு என்ன வயது என்று கேட்டேன். 17 என்றார்.

கார் விஷயம் அத்தோடு முடிந்தது. நாக்கு விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடியாது. வாய்க்குள் கறுப்பு என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு கதைகள் வந்து முடியும் ஒரே நிறம். அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. ஒன்றிரண்டு உயிரை எடுப்பவை. ஒன்று மட்டும், என்னைப் பொறுத்தவரை, உடலுக்குள் நடக்கும் மிக அழகான பெயர்க் குழப்பம். அதற்கு வருகிறேன்.

முதலில் அடிப்படை. மெலனின் என்ற கறுப்பு நிறமி பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்போம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரு வளரும்போது, முதுகுத்தண்டு உருவாகும் இடத்தின் ஓரத்திலிருந்து ஒரு கூட்டம் செல்கள் புறப்பட்டு உடலெங்கும் நடந்து போகின்றன. சில நரம்புச் செல்களாகின்றன, சில நிறமிச் செல்களாகின்றன. நிறமிச் செல்கள் தோலில் மட்டும் குடியேறுவதில்லை, வாயின் உட்தோலிலும் அடிவரிசையில் இடம்பிடித்து உட்கார்கின்றன. வெயிலே படாத இடத்தில் நிறமி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: அவை அங்கே வெயிலை நம்பி வரவில்லை, புறப்பட்ட வழியில் வந்து சேர்ந்தவை. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை, செம்பு அணுக்களைச் சுமக்கும் டைரோசினேஸ் என்ற நொதியால் மாற்றி மாற்றி மெலனின் ஆக்குகின்றன. அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, நீண்ட கைகளால் பக்கத்துச் செல்களுக்கு விநியோகிக்கின்றன. தோலில் ஒரு நிறமிச் செல் ஏறத்தாழ 36 செல்களுக்குப் பொட்டலம் கொடுக்கிறது.

தமிழர், சீனர், வெள்ளையர் யாரை எடுத்தாலும் இந்தச் செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். சுறுசுறுப்பில்தான் வித்தியாசம். நம் ஈறுகளில் அவை ஓவர்டைம் பார்க்கின்றன. அதனால்தான் நம்மில் நிறையப் பேருக்கு ஈற்றில் பல் வரிசையை ஒட்டிக் கரும்பட்டை ஓடுகிறது. சின்ன வயதிலிருந்தே இருக்கும், இடதும் வலதும் ஏறக்குறைய ஒத்திருக்கும், வருடக்கணக்கில் மாறாது. இது இயல்பு. இதை 'வெளுப்பாக்க' லேசர் வைத்துச் சுரண்டும் விளம்பரங்கள் இப்போது என் கைப்பேசியிலும் வருகின்றன. சுரண்டிய இடத்தில் சில ஆண்டுகளில் நிறம் திரும்பி வருவது சகஜம். காசு உங்களுடையது, ஈறும் உங்களுடையது. நான் அதற்கு மேல் பேசவில்லை.

பையனின் நாக்குப் புள்ளிகளும் இதே குடும்பம்தான். நாக்கில் சுவை அரும்புகளைத் தாங்கும் காளான் வடிவ மொட்டுகள் உண்டு. நுனியிலும் ஓரத்திலும் அவை அதிகம். கறுத்த தோல்காரர்கள் சிலருக்கு, பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பிறகு, அந்த மொட்டுகளுக்குள் மட்டும் நிறமி தேங்குகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்: புள்ளிகள் கன்னாபின்னாவென்று சிதறவில்லை, ஒவ்வொன்றும் ஒரு மொட்டின் தலையில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வலி இல்லை, சுவை குறைவதில்லை, சாபம் பலிப்பதில்லை. கருநாக்கு என்று நம் ஊரில் எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருப்பார்கள், எத்தனை மருமகள்களைத் தலையில் அடித்துக்கொண்டு ஏசியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, மருத்துவர் ஒரு கறுப்புத் திட்டை எப்படிப் படிக்கிறார்?

அவர் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றி அல்ல, காலத்தைப் பற்றி. எப்போதிலிருந்து இருக்கிறது, வளர்கிறதா, ஒன்றா பலவா. பிறகு இடம். பிறகு ஒரு சின்ன வித்தை: கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்துத் திட்டின் மேல் வைத்து அழுத்துவார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெங்காயத் தோலை வைத்துப் பார்ப்போமே, அதே சில்லுதான். அழுத்தும்போது கறுப்பு வெளுத்து, விட்டதும் திரும்பி வந்தால் அது இரத்தக் குழாய். உள்ளே இருந்த இரத்தம் விலகிப்போய்த் திரும்புகிறது. வயதானவர்கள் நாக்கைத் தூக்கிக் காட்டினால் அடியில் ஊதா நிறத்தில் முடிச்சுமுடிச்சாகப் புடைத்திருக்கும் நரம்பு என்று சொல்வோமே, அது இந்த வகை. அழுத்தியும் அசையாமல் இருந்தால் நிறமி, அல்லது வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று.

வெளியிலிருந்து வருவதில் முதலிடம் பல்லில் அடைத்த வெள்ளிக் கலவைக்கு. பாதரசம், வெள்ளி, தகரம், செம்பு சேர்ந்த அந்தச் சாம்பல் நிற அடைப்பின் துணுக்கு ஈற்றுக்குள் போய்விட்டால், வெள்ளி மெல்ல இழைகளை ஒட்டிப் படிந்து, பச்சை குத்தியதுபோல் நீலச் சாம்பல் திட்டாக வாழ்நாள் முழுவதும் நிற்கும். எக்ஸ்ரேயில் சில நேரம் அந்தத் துணுக்கே வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்துவிடும், வேலை சுலபம். பள்ளிப் பிள்ளைகள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்து, மேலண்ணத்தில் கரிமுனை குத்தி நின்றுபோவதும் உண்டு. புகைப்பவர்களுக்குக் கீழ் முன்பற்களின் ஈறு கறுக்கும். விட்டுவிட்டால் மாதக்கணக்கிலோ ஓரிரு ஆண்டிலோ மங்கிவிடும். முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின், மூட்டுவலிக்கும் மலேரியாவுக்கும் தரும் குளோரோகுவின் வகை மாத்திரைகள் அண்ணத்தை நீலச் சாம்பலாக்கலாம். ஈயம் உடலில் சேர்ந்தால் ஈற்று விளிம்பில் கருநீலக் கோடு ஒன்று ஓடும். 1840இல் ஹென்றி பர்ட்டன் என்ற மருத்துவர் எழுதி வைத்தது. வாய்க் கிருமிகள் விடும் கந்தக வாயுவும் ஈயமும் சேர்ந்து போடும் கோடு அது.

இனி, நான் சொன்ன பெயர்க் குழப்பம்.

ஒரு தோட்டத்து லயத்தில் முத்து என்று ஒருவரும், நாலு வீடு தள்ளி முத்துலெட்சுமி என்று ஓர் அம்மாவும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முத்துலெட்சுமியின் வீட்டுக்காரர் தினமும் காலையில் "முத்துலெட்சுமி" என்று சாதாரணக் குரலில் கூப்பிடுகிறார். அந்த அம்மாள் வருகிறார். முத்துவின் காதில் அது விழுவதில்லை. ஒருநாள் அந்த அம்மாளுக்கு உடம்பு முடியவில்லை, எழுந்து வரவில்லை. வீட்டுக்காரர் குரலை உயர்த்துகிறார். இன்னும் உயர்த்துகிறார். லயமே அதிர "முத்து... லெட்சுமி" என்று கத்துகிறார். இப்போது என்ன ஆகும்? நாலு வீடு தள்ளியிருக்கும் முத்து, "என்னையா கூப்பிடுறாங்க?" என்று துண்டை உதறிக்கொண்டு ஓடி வருவார்.

உங்கள் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அந்த வீட்டுக்காரர். முத்துலெட்சுமி, சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. அதன் வேலை கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரப்பது. அதைக் கூப்பிட பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோனுக்கு ஏ.சி.டி.எச். என்று பெயர். 39 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி அது. அட்ரினல் கார்ட்டிசோலைச் சுரந்துவிட்டால், அந்தக் கார்ட்டிசோலே பிட்யூட்டரிக்குப் போய் "வந்துட்டேன், சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிடும்.

முத்து யார்? நிறமிச் செல்தான். அதைக் கூப்பிடும் ஹார்மோனுக்கு ஆல்ஃபா எம்.எஸ்.எச். என்று பெயர். அதில் 13 அமினோ அமிலங்கள். அந்த 13உம் எவை தெரியுமா? ஏ.சி.டி.எச்.சின் முதல் 13. எழுத்துக்கு எழுத்து அதே வரிசை, இரண்டு நுனிகளிலும் சிறிய வேதியியல் ஒட்டு மட்டும் கூடுதல். முத்துலெட்சுமியின் பெயரில் முதல் பாதி முத்து. இரண்டும் பி.ஓ.எம்.சி. என்ற ஒரே நீளப் புரதத்திலிருந்து நறுக்கி எடுப்பவை. வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின்கூட அதே நீளத் துணியில் வெட்டிய இன்னொரு துண்டு. ஒரே மரபணு, ஒரே சங்கிலி, எந்த இடத்தில் கத்தரி விழுகிறது என்பதைப் பொறுத்து மூன்று வேலைகள். முதன்முதலில் இதைப் படித்த அன்று இரவு நான் சாப்பாட்டை மறந்துபோய் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

இப்போது அட்ரினல் சுரப்பி சேதமடைகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்கலாம், காசநோய் அங்கே போய்க் குடிகொள்ளலாம். கார்ட்டிசோல் வரவில்லை. பிட்யூட்டரி குரலை உயர்த்துகிறது. இரத்தத்தில் ஏ.சி.டி.எச். ஏறிக்கொண்டே போகிறது. சாதாரண அளவில் நிறமிச் செல்லின் காதில் விழாத அந்தப் பெயர், இப்போது விழுகிறது. அதன் மேலிருக்கும் ஏற்பி தன் 13 எழுத்துகளைக் கேட்டதும் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. பாவம், அதற்குக் கார்ட்டிசோல் செய்யத் தெரியாது. தெரிந்தது கறுப்பு ஒன்றுதான். உள்கன்னத்தில் பல் உரசும் இடம், ஈறு, உதட்டின் உட்புறம், உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டிகள், புதிதாக ஆறிய காயத் தழும்பு எல்லாம் கறுக்கின்றன.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855இல் இந்த நோயை விவரித்தபோது ஹார்மோன் என்ற சொல்லே பிறக்கவில்லை. சோர்வு, பலவீனம், கறுக்கும் தோல், இறந்த பின் அறுத்துப் பார்த்தால் கெட்டுப்போன அட்ரினல். இவ்வளவுதான் அவர் கையில் இருந்தது. நடுவில் இருந்த கூப்பாடு தெரிய இன்னும் நூறாண்டு ஆனது.

கூப்பாடு உண்மைதான் என்பதற்குத் தலைகீழான சாட்சி ஒன்றும் உண்டு. 1998இல் ஜெர்மனியில் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பி.ஓ.எம்.சி. மரபணுவே பழுது. கூப்பிட ஆளே இல்லை. கார்ட்டிசோல் இல்லை, பசி அடங்காமல் உடல் பருத்தது, தலைமுடியோ செந்நிறம். முத்துவையும் யாரும் கூப்பிடாததால் கறுப்பு உருவாகவே இல்லை.

அடிசன் நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையும் இதே பெயர் விளையாட்டுதான். காலை 8 மணி வாக்கில், கார்ட்டிசோல் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில், இரத்தம் எடுக்கிறார்கள். சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். பிறகு 250 மைக்ரோகிராம் செயற்கை ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, 30, 60 நிமிடங்களில் கார்ட்டிசோல் ஏறுகிறதா என்று அளக்கிறார்கள். அந்த ஊசியில் 39 அமினோ அமிலங்களும் கிடையாது. முதல் 24 மட்டும். முழுப்பெயர் தேவையில்லை, "முத்துலெட்சு" என்றாலே அந்த அம்மாள் திரும்பிவிடுவார். திரும்பாவிட்டால், உடம்பு முடியாமல் கிடப்பது அவர்தான் என்று தெரிந்துவிடும். மாத்திரை வடிவில் கார்ட்டிசோல் கொடுத்ததும் பிட்யூட்டரி அடங்கும், கறுப்பும் சில மாதங்களில் மங்கும்.

நம் வாயில் இதைப் பிடிப்பது கடினம். வெள்ளைக்காரர் வாயில் ஒரு பழுப்புப் புள்ளி வந்தாலே பளிச்சென்று தெரியும். நமக்கோ ஈறு பிறவியிலேயே கறுப்பு. அதனால் நமக்கான அடையாளம் கறுப்பு அல்ல, புதிய கறுப்பு. முப்பது நாற்பது வயதில் உள்கன்னம் கறுக்கத் தொடங்கி, கூடவே எடை குறைந்து, எழுந்தால் தலை சுற்றி, ஊறுகாய்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உப்புக்கு ஏங்குகிறவர் என்றால் தாமதிக்கக் கூடாது.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு திருப்பம் இருக்கிறது. இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் சில ஜாமு மூலிகை மருந்துகளிலும் 'மூட்டுவலி நிவாரணி'களிலும், கார்ட்டிசோலைப் போலவே வேலை செய்யும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. பலமுறை எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் அடிசன் நோயாளியைப் போலவே துவண்டு விழலாம். ஆனால் அவர் வாய் கறுக்காது. ஏன்? வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டைப் பார்த்து, "அம்மாள் வந்துவிட்டார்" என்று நம்பி வீட்டுக்காரர் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். கூப்பாடு இல்லை, அதனால் முத்துவும் வரவில்லை. யாரும் கூப்பிடாததால் அட்ரினலும் சுருங்கிப் போய்விட்டது. ஒரே தளர்ச்சி, இரண்டு காரணங்கள். எது என்று வாயைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். இரத்தத்தில் ஏ.சி.டி.எச். அளவு அதை உறுதி செய்யும்.

பயப்பட வேண்டிய கறுப்பு என்றால் அது மெலனோமா, நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய். வாய்க்குள் மிக அரிது, மொத்த மெலனோமாக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மேலண்ணத்திலும் மேல் ஈற்றிலும்தான் அதிகம் வரும். தனித் திட்டு, ஓரம் கோணல்மாணல், நிறம் இடத்துக்கு இடம் வேறு, வளர்கிறது, புண்ணாகிறது, இரத்தம் கசிகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும், அல்லது காரணம் புரியாத புதுத் திட்டு எதுவானாலும், ஒரு துணுக்கை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வழி. மருத்துவர் பயாப்ஸி என்றால் ஓடிவிடாதீர்கள். கத்தி பட்டால் பரவும் என்பது கருநாக்கின் ஒன்றுவிட்ட தம்பி.

ஒரு மனக்குறை. நான் புரட்டிய வாய்நோய்ப் பாடப்புத்தகங்களில் பெரும்பாலான படங்கள் இளஞ்சிவப்பு வாய்கள். கரும்பட்டை ஓடும் ஈற்றில் ஆரம்ப நோய் எப்படித் தெரியும் என்று நம் மாணவர்கள் எதைப் பார்த்துக் கற்பது? மலாயாப் பல்கலைக்கழகத்தில் வாய்ப்புற்றுநோய்க்கென்றே ஆய்வு மையம் இருக்கிறது. அதுபோன்ற இடங்களுக்குப் பணம் கொடுத்து, தோட்டத்திலும் கம்பத்திலும் நகரத்திலும் உள்ள நம் வாய்களை வரிசையாகப் படமெடுத்து வைத்தால் போதும். ராக்கெட் விடும் செலவல்ல. பளபளப்பான திட்டங்களுக்கு நிதி கேட்கும்போது கிடைக்கிற கைதட்டல் இதற்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

வாசகிக்குப் பதில் எழுதினேன். பையனுக்குப் பயமில்லை, பள்ளிக்கு வரும் பல் தாதியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றேன். முடிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டேன்: மாமியார் வெற்றிலை போடுவாரா?

நாம் இருப்பது பாக்கின் பெயர் கொண்ட மாநிலம்; மலாயில் 'பினாங்' என்றால் பாக்கு. மலாய்க்காரர் பெண் கேட்பதை 'மெமினாங்' என்கிறார்கள், அதிலும் பாக்கு இருக்கிறது. நாம் தட்டு மாற்றினாலும் பாக்குத்தான். மாநிலக் கொடியில் நிற்பதும் பாக்கு மரம். அந்தப் பாக்கை, புகையிலை சேர்க்காமல் மென்றாலும், புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் வகைப்படுத்தியது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடம்தான் அதிகம், அதிலும் நம் பெண்களிடம். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்தின் உட்புறத்தில் நார்ப் புரதத்தைக் கூடுதலாக நெய்ய வைக்கிறது. பாக்கிலுள்ள செம்பு அந்த நார்களை முடிச்சுப் போடும் நொதிக்கு உதவுகிறது. கன்னம் வெளிறி, தோல் பட்டைபோல் விறைத்து, வாய் திறப்பது வருடா வருடம் குறையும். வெற்றிலைக் கறை செங்கருப்பாக மேலே படிந்திருப்பதால் அடியில் இருக்கும் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ யார் கண்ணிலும் படாது. கறையை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சோதிப்பதற்குக் கருவி தேவையில்லை. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்க வேண்டும். பெரும்பாலோருக்கு மூன்றும் போகும்.

நான்கு நாள் கழித்துச் செய்தி வந்தது. "மாமியாருக்கு இரண்டு விரல்தான் சார் போகுது. இடது கன்னத்தைத் துடைத்துப் பார்த்தோம், ஐந்து சென் காசு அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருக்கு. அந்தப் பக்கம்தான் அடக்கி வைப்பாங்க. பல் மருந்தகத்தில் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. ஒண்ணும் இருக்காதுன்னு தம்பியைச் சொல்லச் சொல்லி காலையிலிருந்து அவன் பின்னாலேயே நடக்கிறாங்க."